மேலே வழிந்த பெயிண்ட்

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். ஸ்கேலக்கா அளப்பாள்.

அவள் கைப்பையில் முப்பது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். வாடிக்கையாளர் யாராவது வந்து, விசிட்டிங் கார்டில் தன் பெயர் சின்னதாகிவிட்டது என்று குரலை உயர்த்தினால் அவள் பதில் பேச மாட்டாள். அவரே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரித் தாளை எடுப்பாள். அதன்மேல் ஸ்கேலை வைப்பாள், கார்டின் மேலும் வைப்பாள், இரண்டையும் அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். உயர்ந்த குரல் தானாக இறங்கும். கடையில் யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டின கணவரே கிண்டல் செய்ய வேண்டுமென்றால் "என்ன ஸ்கேலக்கா" என்றுதான் ஆரம்பிப்பார்.

பேனர், பெயர்ப்பலகை, அழைப்பிதழ் எல்லாம் அடிக்கிற அச்சுக்கடை அது. இருபது வயதில் எழுத்து அடிக்க வந்தவள். அப்போது டிசைன் செய்ய ஒருவர் இருந்தார். கணினியில் ஒரு வித்தை செய்யும்போதெல்லாம் இடது உள்ளங்கையால் கீபோர்டை மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவார். பக்கத்து நாற்காலியில் இருக்கிற பெண் கற்றுக்கொண்டுவிட்டால் தன் நாற்காலி போய்விடும் என்று அவ்வளவு பயம். அவர் டீ குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில் ஸ்கேலக்கா அவருடைய ஃபைலைத் திறப்பாள். கணினியில் ஒரு படம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். மேலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவாள். எது எதை மூடியிருக்கிறது, எது முதலில் வந்தது என்று பார்த்துவிட்டு, காலி ஃபைலில் அதையே தானாகச் செய்து பார்ப்பாள். ஒத்துவரும்வரை விடமாட்டாள். இரண்டு வருடத்தில் நாற்காலி கைமாறியது. தனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை என்பதை அவள் பெருமையாகவும் சொல்வாள், வயிற்றெரிச்சலாகவும் சொல்வாள். அது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

அந்த வழக்கம்தான் நாற்பத்து நாலாம் வயதில் அவளை வம்பில் இழுத்துவிட்டது.

குடிநீர் வாரியம் தன் ஆண்டறிக்கையை அச்சடிக்கக் கொடுத்திருந்தது. அட்டையில் வாரியத்து மண்டபத்தில் தொங்குகிற ஓவியத்தைப் போட வேண்டும் என்றார்கள். கட்டணம் கட்டவும் புகார் கொடுக்கவும் ஊரே வரிசையில் நிற்கிற மண்டபம். சுவரில் எட்டடிக்கு ஐந்தடி ஓவியம். ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. மேலே நீலம், கீழே வலது பக்கம் பெரிய சிவப்பு, நடுவில் காவியும் சாம்பலும், இடையிடையே கறுப்புக் கோடுகள், கோடு கோடாகச் சாயம் வழிந்த தடங்கள். ஸ்கேலக்கா ஏணியில் ஏறி அதை இருபத்து நாலு துண்டாகப் படம் பிடித்து வந்து கணினியில் ஒட்டினாள். ஒட்டி முடித்ததும் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா, வெள்ளை அடிக்க வந்தவன் கை தொடைச்ச துணி மாதிரி இருக்கு?"

ஸ்கேலக்காவுக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. தங்கள் பேனர் மெஷினுக்கு அடியில் விரித்திருக்கிற காகிதம் இதைவிட அழகாக இருக்கும் என்று நினைத்தாள். அதுவும் ஏணியில் நின்றபோது கண்ணுக்கு நேரே இருந்த பெயர்ப்பலகை அவளைக் கடுப்பேற்றியிருந்தது. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பொறியாளர், ஒப்பந்ததாரர் என்று எட்டுப் பேர். அந்தப் பலகைக்குப் பதினோரு வருடம் முன்பு எழுத்து அடித்ததே அவள்தான். இந்தக் கிறுக்கலுக்கா இத்தனை பந்தா என்று எரிந்தது. இதை நான் அரை மணி நேரத்தில் போட்டுக் காட்டுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதே நீலம், அதே சிவப்பு, அதே காவி. அரை மணி நேரம் ஆயிற்று. வந்தது ஓவியம் இல்லை, குழந்தை கக்கிய துப்பட்டி. வண்ணம் ஒவ்வொன்றும் எண் பிசகாமல் அதேதான், ஆனால் அங்கே இருந்தது எதுவும் இங்கே இல்லை. முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

அன்றைக்கு ஆரம்பித்தது ஏழு மாதம் ஓடியது. மதியச் சாப்பாட்டு நேரமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் அதற்கே போயின.

இது யாரோ செய்து வைத்த ஃபைல் இல்லையே, லேயரை அணைத்துப் பார்க்க. எல்லாமே கெட்டியாக ஒட்டிக் கிடந்தது. அதனால் கண்ணாலேயே உரிக்க வேண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கி, விரல் நகமளவு இடத்தை எடுத்துக்கொண்டு, எந்தச் சாயம் எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவமானமாக இருந்தது. சாம்பல் என்று நினைத்தது சாம்பலே இல்லை. ஈர வெள்ளையின் மேல் நீலத்தைப் பூசி, அகலமான எதையோ வைத்து வழித்திருக்கிறது ஒரு கை. கறுப்புக் கோடுகள் யாரும் போட்ட கோடுகள் இல்லை. அடியில் முழுக்கக் கறுப்பு பூசி, மேலே பூசியவற்றுக்கு நடுவில் விட்டுவைத்த இடைவெளிகள். போட்டதைவிட விட்டதுதான் அதிகம். சிவப்பின் ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. அப்படியென்றால் அந்தச் சிவப்புக்கு அடியில் ஒரு மஞ்சள் புதைந்து கிடக்கிறது. எவ்வளவு பெரிது, எந்த வடிவம் என்று தெரியாது. அவளே ஊகித்து ஒரு மஞ்சள் வரைந்து, அதன்மேல் சிவப்பைப் போட்டபோதுதான் சிவப்பு அந்தச் சிவப்பாக வந்தது.

அந்த மதியம் அவள் சாப்பிடவில்லை. அரை மணி நேரம் என்று சொன்ன தன் வாயை நினைத்து வெட்கப்பட்டாள்.

மேல் இடது மூலையில், சட்டத்தின் விளிம்பில் பாதி மறைந்து, புழு மாதிரி ஒரு நெளிவு இருந்தது. ஒரே இழுப்பில் வளைந்து, குதித்து, திரும்பி ஓடுகிற மெல்லிய தூரிகை வீச்சு. அந்த வேகம் அவள் கைக்கு வரவே இல்லை. மூன்று வாரம் அந்தப் புழுவையே வரைந்தாள். நூறு தடவைக்கு மேல் இருக்கும்.

அடுத்து வழிந்த தடங்கள். எண்ணினாள், முப்பத்தேழு. நீர்த்த சாயம் கீழேயுள்ள சிவப்பிலும் காவியிலும் புறப்பட்டு, மெலிந்து மெலிந்து மேலேறி, நீலத்தில் ஒரு சொட்டாக முடிந்தது. சாயம் மேலே வழியுமா? வழியாது. ஆக, வரைந்தவர் வேண்டுமென்றே ஓவியத் துணியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துச் சாயத்தை ஓடவிட்டிருக்கிறார், இது ஒரு நுட்பம் என்று முடிவு கட்டினாள். எவ்வளவு யோசனை என்று வியந்தாள். வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும் அவருக்குப் பிழைப்பு.

"ஒருவேளை வரைஞ்சவர் தலைகீழா நின்னு வரைஞ்சிருப்பாரோ என்னவோ" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். ஸ்கேலக்காவின் புத்தி, தடங்களை வரைந்த அந்த இரண்டு மாதமும் எங்கேயோதான் போயிருந்தது.

தடத்தைக் கீழிருந்து மேலே இழுத்தால் அவள் கை நடுங்கியது. அதனால் அந்தத் தடம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி, திரையில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு, மேலிருந்து கீழே சுகமாக இழுத்துவிட்டு, மறுபடி நேராகத் திருப்பி வைப்பாள். ஒவ்வொரு தடத்துக்கும் இதே வேலை. முப்பத்தேழாவது தடத்தை இழுத்து முடித்து, முழுப் படத்தையும் திரைக்குள் சுருக்கிய மதியம், முன்கட்டில் யாரோ பெயர்ப்பலகை கேட்டு வந்து கூப்பிட்டார்கள். படத்தைத் திருப்பி வைக்காமல் எழுந்து போய்விட்டாள்.

திரும்பி வரும்போது வாசற்படியிலிருந்தே திரை தெரிந்தது. ஸ்கேலக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

ஏழு மாதமாகப் பார்த்த படம் இல்லை அது. சிவப்பு மேலே கனத்து நிற்கிறது. அதிலிருந்து சாயம் முப்பத்தேழு தாரையாக இறங்குகிறது. கீழே நீலம் அதை வாங்கிக்கொண்டு தேங்கிக் கிடக்கிறது. அதுவரை எதுவோ எங்கேயோ இடிக்கிற மாதிரியே இருந்த படம் இப்போது மூச்சுவிட்டு உட்கார்ந்திருந்தது. வரைந்தவர் துணியை நடுவில் திருப்பியிருந்தால் ஒன்றிரண்டு தடமாவது எதிர்ப்பக்கம் ஓடியிருக்கும். ஒன்றுகூட ஓடவில்லை. அவர் திருப்பவே இல்லை. நுட்பமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படத்தைத் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

பிறகுதான் கீழே வலது மூலையைப் பார்த்தாள். புழு அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அது புழு இல்லை, கையெழுத்து. ஒரு பெண்ணின் பெயர்.

இருபத்து நாலு வருடம் எழுத்தோடு குடித்தனம் நடத்தியவள், ஒரு பெயரை நூறு தடவை கைவலிக்க வரைந்துவிட்டு, அது பெயர் என்றே தெரியாமல் இருந்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டாள். பதினோரு வருடம் முன்பு அடித்த பெயர்ப்பலகையின் ஃபைலைத் தேடித் திறந்தாள். எட்டுப் பெயர். ஒப்பந்ததாரரின் பட்டப்படிப்புகூட இருந்தது. இந்தப் பெயர் இல்லை. கொடுத்ததை அடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் வரைந்தவர் பெயர் எங்கே என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனசு குத்தியது.

பக்கத்துத் தெருவில் படத்துக்குச் சட்டம் போடுகிறவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிற அம்மா, கலர்க்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும் என்றார்.

போய்ப் பார்த்தாள். கிட்டத்தட்ட இவள் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். வெள்ளைப் பெயிண்ட் வாளியில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விழுகிற மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாடிக்கையாளர் பழைய சுவர்ச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து இதே கலர் வேண்டும் என்றார். மெஷின் ஒரு எண் சொன்னது. கலர்க்காரம்மா அதை மதிக்காமல் கறுப்பைக் கொஞ்சம் குறைத்தாள். அது சரியாக இருந்தது. ஸ்கேலக்கா மடிக்கணினியைக் கிடங்குக்குள் ஒரு வாளியின் மேல் வைத்துத் திறந்து, ஒரு வார்த்தையும் விளக்காமல், அடியிலிருந்து லேயர்களை ஒவ்வொன்றாக எழுப்பிக் காட்டினாள். கறுப்பு. வெள்ளை. வழித்த நீலம். காவி. மஞ்சள். சிவப்பு. தடங்கள்.

கலர்க்காரம்மா திரையில் வழித்த நீலத்தின்மேல் விரலை வைத்தாள். பிறகு, "நீலத்தை எதை வெச்சு வழிச்சேன்னு நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

"பத்து சென்டிமீட்டர் அகலம். கத்தியா?"

"தரையில தண்ணி தள்ளுற ரப்பர். துண்டா வெட்டி வெச்சிருந்தேன்." பிறகு தடங்களைக் காட்டி, "இத்தனையும் நீங்க ஒவ்வொண்ணா போட்டதா?" என்றாள்.

"முப்பத்தேழு."

"நான் எண்ணினதே இல்லைங்க."

அதன்பிறகுதான் ஸ்கேலக்கா தலைகீழ் விஷயத்தை மெதுவாக எடுத்தாள். தெரியாதவருக்குச் சாவுச் செய்தி சொல்கிற மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். கலர்க்காரம்மாவோ, தெரியும் என்றாள். திறப்பு விழா அன்றைக்கே தெரியும். நீலம் என்றால் ஆகாயம், ஆகாயம் மேலேதான் இருக்க வேண்டும் என்று பொறியாளர் முடிவு செய்திருக்கிறார். அவள் மாட்டி அனுப்பிய வளையங்கள் சிவப்புப் பக்கம் இருந்தன. அதை விட்டுவிட்டு நீலத்தின் பக்கம் புதிதாக இரண்டு வளையம் திருகியிருக்கிறார்கள். ஓடிப்போய்ச் சொன்னாள். பத்து நிமிடத்தில் தலைவர் வருகிறார், விழா முடிந்ததும் திருப்பிவிடலாம் அம்மா என்றார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தன் படம் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே, எல்லோரும் கை தட்டியபோது இவளும் தட்டினாள். பிறகு மூன்று கடிதம் எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்று ஒன்றுக்குப் பதில் வந்தது.

"அதுக்கப்புறம் என்ன வரைஞ்சீங்க?" என்று ஸ்கேலக்கா கேட்டாள்.

"வரையல" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஸ்கேலக்காவுக்கு வந்த கோபத்தை அளக்க ஸ்கேல் போதாது. மறுநாளே வாரியத்துக் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றாள். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"மேடம், இது மாடர்ன் ஆர்ட். இதுல எது தலை, எது காலு?"

கையெழுத்து கவிழ்ந்து கிடப்பதைச் சொன்னாள். சாயம் மேலே ஏறாது என்பதைச் சொன்னாள். வரைந்தவரே மூன்று கடிதம் போட்டிருப்பதைச் சொன்னாள். கடிதம் போட்டிருந்தால் கோப்பில் இருக்கும் என்றார். கோப்பில் இருப்பது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. படத்தை அசைக்க வேண்டுமென்றால் பராமரிப்புப் பிரிவு எழுத வேண்டும், பொறியாளர் ஒப்ப வேண்டும், குழு கூட வேண்டும். தலைகீழாக மாட்ட எந்தக் குழு கூடியது? அதையும் கேட்கவில்லை. பதினோரு வருடமாக ஒருவர்கூடக் குறை சொன்னதில்லையே என்பதை அவர் மூன்று முறை சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். இதே ஸ்கேலக்காவின் கடையில் ஒரு தலைவரின் முகத்தை ஒரே ஒரு பேனரில் தலைகீழாக மாட்டிவிட்டால் என்ன ஆகும்? கடைக்குக் கண்ணாடி மிஞ்சாது. முதலாளி ஊரைவிட்டு ஓட வேண்டும். ஒரு பெண் மாதக்கணக்கில் நின்று வரைந்த படம் பதினோரு வருடம் கவிழ்ந்து தொங்குகிறது, அதற்குக் கீழே நின்று ஊரே கட்டணம் கட்டிவிட்டுப் போகிறது, ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. முகம் இல்லாத படத்துக்கு மானம் இருக்கக் கூடாதா?

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. அவர் திட்டவில்லை, கெஞ்சினார். வாரியத்து வேலை வருடம் முழுவதும் வருவது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

"நமக்கு எதுக்கும்மா இந்தப் பஞ்சாயத்து? நீ வரைஞ்ச படமா அது?"

"இல்ல" என்றாள் ஸ்கேலக்கா. "ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சே."

வாரியத்துக்கு அந்த மாதக் கடைசியில் புதுத் தலைவர் வந்தார். மண்டபத்துச் சுவரில், ஓவியம் இருக்கிற அதே இடத்தில், அகலமாக ஒரு வரவேற்பு பேனர் கட்ட வேண்டும் என்று வேலைச் சீட்டு வந்தது. எப்போதும் பேனர் மாட்டுகிற இருவர் போவார்கள், அளவு பார்க்க ஸ்கேலக்காவும் போவது உண்டு. இந்த முறை வேலைச் சீட்டை அவள் முதலாளி மேசையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். கவுண்டர்கள் மூடுகிற மதிய நேரமாகப் பார்த்துப் போனாள். காவலாளி கேட்டபோது சீட்டைக் காட்டி, "படத்தை எறக்கித்தான் மாட்டணும்" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இருவரும் ஏணி போட்டுப் படத்தை இறக்கித் தரையில் நிறுத்தினார்கள். பின்பக்கம் பதினோரு வருடத்துத் தூசி. ஒருவர் துணியால் தட்டினார். தட்டியவர் அப்படியே நின்றார்.

"அக்கா, இங்க என்னவோ எழுதியிருக்கு பாருங்க."

ஓவியத் துணியின் பின்பக்கம், சிவப்பு இருக்கிற ஓரத்தில், கறுப்புச் சாயத்தில், 'மேல்' என்று எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. அம்பு தரையைப் பார்த்து நின்றது.

கலர்க்காரம்மா இதை அவளிடம் சொல்லவே இல்லை. ஸ்கேலக்கா பையைத் திறந்து ஸ்கேலை எடுத்து அந்த எழுத்தின் மேல் வைத்தாள். பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம். பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம். புதுவளையம் திருகியவன் இந்த எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் திருகியிருக்க முடியாது. திருகச் சொன்னவரும் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான், இவளுக்கு என்ன தெரியும் என்று கவிழ்த்திருக்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்று அவள் இதுவரை கொஞ்சம் ஆறுதல் வைத்திருந்தாள். அதுவும் போயிற்று.

"திருப்புங்க" என்றாள்.

பழைய வளையங்கள் துருப்பிடித்திருந்தாலும் கெட்டியாக இருந்தன. இருவரும் படத்தைச் சுற்றித் தூக்கி, சுவரிலுள்ள அதே ஆணிகளில் மாட்டினார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. பதினோரு வருடம் பரிசீலனையில் இருந்த வேலை. பிறகு அதன்மேல் வரவேற்பு பேனரைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் பேனர் அவிழ்ந்தது. ஸ்கேலக்கா தொலைபேசி அடிக்கும் என்று காத்திருந்தாள். முதலாளியிடம் என்ன சொல்வது, வேலை போனால் கணவரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. மாதக்கணக்காக ஒப்புதலுக்குக் கிடந்த ஆண்டறிக்கையின் கடைசித் திருத்தத்துக்காக அவளே வாரியத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் அவளை மண்டபத்துக்கு அழைத்துவந்து, படத்தைக் கையால் காட்டினார்.

"இப்பப் பாருங்க மேடம், என்ன குறை இதுல? பதினோரு வருஷமா இப்படித்தான் இருக்கு. நீங்க சொன்னபடி திருப்பி வெச்சிருந்தா கண்றாவியா இருந்திருக்கும்."

ஸ்கேலக்கா அவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிடிபட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. திருப்பியது தெரியவில்லை என்றால், அன்றைக்குக் கவிழ்த்தபோதும் தெரியவில்லை என்றுதானே அர்த்தம். பதினோரு வருடம் இந்த மண்டபத்தில் ஒரு ஆள்கூட அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கலர்க்காரம்மாவை அவள் பெயிண்ட் கடையின் வார விடுமுறை நாளில் தண்ணீர்க் கட்டணம் கட்ட வரச் சொன்னாள், காரணம் சொல்லவில்லை. வரிசை வாசல்வரை நின்றது. உள்ளே வந்த கலர்க்காரம்மா சுவரைப் பார்த்ததும் வரிசையை விட்டு விலகி, நடுமண்டபத்தில் போய் நின்றாள். மக்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியை மறைக்கிறீங்கம்மா, ஓரமா நில்லுங்க என்று காவலாளி சொன்னார். அவள் நகரவில்லை. அழுவாள் என்று நினைத்து ஸ்கேலக்கா கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவள் அழவில்லை. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, மெஷின் சொன்ன எண்ணைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அந்தச் சிவப்பு தப்பு" என்றாள்.

ஸ்கேலக்காவுக்குப் புரியவில்லை.

"மேல இருக்கே, அது. அடியில ஒரு மஞ்சள் போட்டேன், சரியா வரலைன்னு நினைச்சு சிவப்பைப் பூசி மூடிட்டேன். பாருங்க, பாரம் பூரா ஒரு பக்கமா சாயுது. மஞ்சளையே விட்டிருக்கணும்." சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "வீட்டுல வெச்சுப் பாக்க இடமில்லை. வரைஞ்ச உடனே கொடுத்துட்டேன். இங்க வந்து பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன். ஒரு வாரம் நேரா தொங்கியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அடுத்ததுல திருத்தியிருப்பேன்."

அடுத்தது என்று ஒன்று வரவே இல்லையே. ஸ்கேலக்கா கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். பெயரைப் போடவில்லை, சரி. படத்தைக் கவிழ்த்தார்கள், அதுவும் போகட்டும். தன் தப்பைத் தானே பார்க்கக்கூட விடவில்லையே இந்தப் பாவிகள். பிறர் செய்ததைப் பிரித்துப் பார்த்தே பிழைத்தவள் அவள். செய்ததைப் பார்க்காமல் ஒரு கை எதைக் கற்றுக்கொள்ளும்? பதினோரு வருடம் ஒருத்தியின் கையைக் கட்டிப்போட்டு, அதற்குக் கீழே எட்டுப் பேர் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

"உங்க ஃபைல்ல அந்தச் சிவப்பை மட்டும் அணைச்சுட்டுப் பாக்க முடியுமா?" என்று கலர்க்காரம்மா கேட்டாள்.

"முடியும். ஆனா அடியில இருக்கிற மஞ்சள் நானா ஊகிச்சுப் போட்டது."

"பரவாயில்லை, நான் சரி பண்ணிக்கிறேன். நாளைக்கு மதியம் வரட்டுமா?"

வரச் சொன்னாள். வரும்போது சாப்பாடும் கொண்டுவந்துவிடுங்கள், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்றாள். பிறகு இருவரும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்கள், கட்டணம் இன்னும் கட்டவில்லை.